வீட்டு மனையில் நோயுற்று நிற்கும் தென்னையை ஆபத்தில்லாமல் இறக்குவது எப்படி?

காவேரிக்கரை (தஞ்சாவூர்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீடு 40 அடிக்கு 60 அடி மனையில் இருக்கிறது. வீடு கட்டிய காலத்தில் என் தந்தையார் வைத்த மூன்று தென்னைகளில், கொல்லைச் சுவரை ஒட்டி நிற்கும் மரம் ஆறு மாதமாக நலிந்துகொண்டே வருகிறது. அடிமட்டைகள் பழுத்துத் தண்டோடு ஒட்டித் தொங்குகின்றன, குரும்பைகள் எல்லாம் உதிர்ந்துவிட்டன, தூரிலிருந்து மூன்றடி உயரம் வரை தண்டில் வெடிப்பு விட்டு அதிலிருந்து செம்பழுப்பு நிறத்தில் ஒரு நீர் வடிந்து காய்ந்திருக்கிறது. சென்ற வாரம் தூரின் ஓரத்தில் தட்டையான ஒரு காளானையும் பார்த்தேன்.

மரத்தின் உயரம் ஏறத்தாழ 55 அடி. கண்ணுக்கும் முட்டிக்கும் உள்ள தூரம் எவ்வளவோ, அதே நீளம் முட்டிக்கு மேலே நிற்கும்படி ஒரு குச்சியைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு, குச்சியின் நுனி மரத்தின் நுனியோடும் முட்டி தூரோடும் பொருந்தும் இடம் வரை பின்னால் நடந்து, அங்கிருந்து மரத்துக்குள்ள தூரத்தை அளந்தேன். மரத்துக்கும் எங்கள் சமையலறைச் சுவருக்கும் 7 அடிதான் இடைவெளி. பின்பக்கத்தில் அண்டை வீட்டாரின் தகரக் கொட்டகை இருக்கிறது. இடப்புறச் சந்தில் மின்கம்பி போகிறது. மட்டை ஆடும்போது சில நேரம் அதைத் தொடுகிறது.

எங்களுக்கு வழக்கமாகத் தேங்காய் பறித்துத் தருபவர், தூரில் வெட்டிக் கயிறு கட்டி இழுத்தால் அரை நாளில் வேலை முடிந்துவிடும் என்கிறார். அவர் நல்லவர், இருபது ஆண்டுகளாக எங்கள் வீட்டுக்கு வருபவர். அவருக்கு ஏதும் நேர்ந்துவிடக் கூடாது என்பதுதான் என் முதல் கவலை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் அடித்தபோது பட்டுக்கோட்டைப் பக்கம் என் சித்தப்பா வீட்டுத் தோப்பில் மரங்கள் விழுந்து கிடந்ததைப் பார்த்தவன் நான். ஆகவே இதை அடுத்த மழைக்காலம் வரை விட்டுவைக்கவும் மனமில்லை. மற்ற இரண்டு தென்னைகளையும் வேர் அஸ்திவாரத்தை உடைத்துவிடும் என்று சொல்லிச் சேர்த்தே வெட்டச் சொல்கிறார்கள். மனை மூலையில் ஒரு பனையும் நிற்கிறது. வழி சொல்லுங்கள்.

-----

வேளாண் ஓய்வு (திருவாரூர்) எழுதியது:

நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகள் அனைத்தும் அடித்தண்டழுகல் நோய்க்கு உரியவை. நம் மாவட்டத்தின் பெயராலேயே அதைத் தஞ்சாவூர் வாடல் நோய் என்பார்கள். கானோடெர்மா என்ற பூசணம் மண்ணிலிருந்து வேர் வழியாக ஏறித் தூரை உள்ளிருந்து அழுகச் செய்கிறது. காளான் வெளியே தெரிகிற நிலையில் மரத்தைக் காப்பாற்ற முயல்வதில் பயனில்லை. இந்த மரத்தை இறக்கத்தான் வேண்டும்.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இந்த மரத்தில் யாரும் ஏறக் கூடாது. தென்னையின் தண்டு வேம்பு, புளி போன்றதன்று. அதன் உறுதி முழுவதும் வெளிப்புறத்து நார்களில் இருக்கிறது, நடுப்பகுதி பச்சை மரத்திலேயே மென்மையாகத்தான் இருக்கும். வேம்புக்குக் காயம் பட்டால் புது மரக்கட்டை வளர்ந்து அந்த இடத்தை மூடும். தென்னைக்கு அந்த வளர்ச்சி கிடையாது. ஒருமுறை அழுகிய இடம் அப்படியே நின்று மேலும் அழுகும். எனவே வெளியிலிருந்து பார்க்கும்போது தண்டு முழுதாகத் தெரிந்தாலும், தூரில் எவ்வளவு உறுதி மிச்சமிருக்கிறது என்பதைக் கண்ணால் அறிய முடியாது. கட்டைச் சுத்தியலால் தூரிலிருந்து ஆளுயரம் வரை சுற்றிலும் தட்டிப் பாருங்கள். பொத்தென்ற ஓசை வருகிற இடம் உள்ளே அழுகியிருக்கிறது. கெட்டியான ஓசை வந்துவிட்டது என்பதற்காக மரம் உறுதியாக இருக்கிறது என்று முடிவு செய்துவிடவும் கூடாது.

சிவப்புக் கூன்வண்டு தாக்கிய மரத்துக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். தண்டில் துளைகள், அவற்றிலிருந்து மென்று துப்பியது போல வெளித்தள்ளும் நார், காதை வைத்துக் கேட்டால் உள்ளே புழுக்கள் கடிக்கும் ஓசை, இவை இருந்தால் அந்தத் தண்டு எந்த உயரத்தில் வேண்டுமானாலும் ஒடியலாம்.

மற்ற இரண்டு மரங்களைத் தயவுசெய்து வெட்டாதீர்கள். ஆல், அரசு ஆகியவற்றின் வேர் ஆண்டுக்கு ஆண்டு பருத்துச் சுவரைப் பிளக்கும். தென்னைக்கு ஆணிவேர் இல்லை. தூரிலிருந்து கொத்தாகக் கிளம்பும் சல்லிவேர்கள் ஒரு விரல் பருமனை அடைந்த பிறகு பருப்பதே இல்லை. நல்ல அஸ்திவாரத்தை அவை உடைப்பதில்லை. அந்த மரங்களுக்கு நோய் தொற்றாமல் பார்த்துக்கொள்வதுதான் உங்கள் வேலை. மரத்துக்கு ஆண்டுக்கு 5 கிலோ வேப்பம் பிண்ணாக்கு இடுங்கள். நோயுற்ற மரத்தைச் சுற்றி விட்ட தண்ணீர் மற்றவற்றின் பாத்திக்குப் பாயாமல் வரப்புக் கட்டுங்கள்.

-----

வடக்கயிறு (பொள்ளாச்சி) எழுதியது:

ஐயா, நான் பதினைந்து ஆண்டுகளாக மரம் இறக்கும் ஒப்பந்த வேலை செய்கிறேன், பெரும்பாலும் வீட்டு மனைகளில்தான். நீங்கள் கொடுத்த அளவுகளை வைத்துப் பேசுகிறேன்.

மரம் 55 அடி. உங்கள் மனையின் மொத்த நீளமே 60 அடி, அதிலும் பெரும்பகுதி வீடு. தூரில் வெட்டிச் சாய்ப்பதற்கு மரத்தின் உயரத்துக்கும் மேலாக மட்டை விரிகிற அளவுக்கு வெற்றிடம் வேண்டும். அத்தகைய இடம் உங்களிடம் இல்லை; அதனால் சாய்ப்பது என்ற பேச்சையே விட்டுவிடலாம். இந்த மரத்தை உச்சியிலிருந்து துண்டு துண்டாகத்தான் இறக்க வேண்டும்.

பச்சைத் தண்டின் எடையைப் பலரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். ஓர் அடி விட்டமுள்ள தண்டில் ஒரு மீட்டர் நீளத் துண்டின் கொள்ளளவு ஏறத்தாழ 70 லிட்டர். தண்ணீர் நிறைந்த பச்சைத் தென்னை அநேகமாகத் தண்ணீரின் எடையே இருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் நாங்கள் கயிறு தேர்ந்தெடுக்கிறோம். முழுத் தண்டும் ஒரு டன்னைத் தாண்டும். உச்சியில் விடுபடும் ஒரு தேங்காய் தரையைத் தொடும்போது மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். இளநீர்க் குலைகளையும் காய்ந்த பாளைகளையும் முதலில் இறக்கிவிட்டுத்தான் அடுத்த வேலையைத் தொடங்க வேண்டும் என்பதன் காரணம் இதுவே.

நோயில்லாத மரமாக இருந்தால் எங்கள் ஆள் ஏறுவார். இடுப்பிலும் தொடையிலும் பூட்டும் வார்க்கச்சை அணிந்து, தண்டைச் சுற்றி இரண்டு கயிறுகள் கட்டிக்கொள்வார். அவற்றில் ஒன்று எஃகுக் கம்பி உள்ளே ஓடுவது. கைவாள் தவறிப் பட்டாலும் எளிதில் அறுபடாது. மட்டைகளை ஒவ்வொன்றாக வெட்டித் துணைக்கயிற்றில் இறக்குவார், பிறகு கொண்டையை, அதன் பிறகு தண்டை இரண்டடி மூன்றடித் துண்டுகளாக இறக்குவார். ஒவ்வொரு துண்டையும் கப்பி வழியாகச் சென்ற கயிற்றில் கட்டி, கீழே நிற்பவர் அந்தக் கயிற்றை வேறொரு நல்ல மரத்திலோ கம்பத்திலோ இரண்டு சுற்றுச் சுற்றி மெல்ல நெகிழ்த்துவார். கையிலோ இடுப்பிலோ கயிற்றைச் சுற்றிக்கொள்ள எங்கள் குழுவில் யாருக்கும் அனுமதி இல்லை. தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு மரத்தைச் சாய்க்கும்போது என் உடன்வேலையாள் இழுகயிற்றை முன்கையில் சுற்றிக்கொண்டு நின்றார். மரம் நினைத்த பக்கம் போகாமல் திரும்பியபோது கயிறு அவரைத் தூக்கிச் சுவரில் அடித்தது, மணிக்கட்டு ஒடிந்தது. நான் அப்போது அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன், தடுக்கத் தெரியவில்லை. அன்றிலிருந்து வேலை தொடங்கும் முன் இதை ஒவ்வொரு நாளும் வாய்விட்டுச் சொல்கிறேன்.

உங்கள் மரம் நோயுற்றது. அதில் ஏறவும் முடியாது, அதன் தண்டிலேயே கப்பி கட்டி எடையை இறக்கவும் முடியாது. கூடை வைத்த தூக்கு வண்டி ஒன்றும், துண்டுகளைப் பிடித்து இறக்கக் கிரேன் ஒன்றும் தேவைப்படும். கூடையில் நிற்பவர் தம் கச்சையைக் கூடையில் பூட்டிக்கொண்டு வெட்டுவார். கிரேன் துண்டைத் தாங்கி எடுக்கும். ஹைட்ரா எனப்படும் நடமாடும் கிரேனின் கொக்கியில் ஆளைத் தொங்கவிட்டு வெட்டச் சொல்பவர்களை உடனே திருப்பி அனுப்பிவிடுங்கள். அந்த வண்டி மனிதரைத் தூக்குவதற்கு ஆனதன்று. கிரேனின் கை நீள நீள அது தூக்கக்கூடிய எடை குறையும் என்பதால், வண்டி நிற்கப்போகும் இடத்திலிருந்து மரத்துக்கு உள்ள தூரத்தை அளந்து முன்கூட்டியே ஓட்டுநரிடம் சொல்லுங்கள். வண்டியின் கால் ஊன்றும் இடத்துக்கு அடியில் செப்டிக் டேங்கோ தண்ணீர்த் தொட்டியோ இருக்கக் கூடாது. வீட்டுக்காரர் சொல்லாவிட்டால் எங்களுக்கு அது தெரியவே வழியில்லை.

-----

காவேரிக்கரை எழுதியது:

மிக்க நன்றி ஐயா. ஒரே ஐயம். தூரில் வாய் வெட்டி, எதிர்ப்பக்கம் வாள் போட்டு, நடுவில் கொஞ்சம் கட்டை விட்டால் அது கீல் போல நின்று மரத்தைத் திசை தப்பாமல் சாய்க்கும் என்கிறார்களே, அது தென்னைக்குப் பொருந்தாதா? இன்னொருவர், தண்டில் துளையிட்டு மருந்து ஊற்றினால் மரம் தானாகக் காய்ந்துவிடும், பிறகு வெட்டுவது எளிது என்கிறார்.

-----

வடக்கயிறு எழுதியது:

திறந்த தோப்பில் நல்ல மரத்தை நாங்களும் அப்படித்தான் சாய்க்கிறோம். அங்குகூடக் கயிற்றை மரத்தின் மேல்பாதியில் கட்டி, இழுப்பவர்கள் மரத்தின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு அப்பால் நிற்பார்கள். தேக்கிலும் வேம்பிலும் அந்தக் கீல் கட்டை வளைந்து கொடுக்கும். தென்னையிலோ நடுப்பகுதி மென்மையாக இருப்பதால் கீலின் நடுவில் பிடிப்பே இல்லை. இரு ஓரங்களில் உள்ள நார்தான் தாங்குகிறது, ஓர் ஓரம் முதலில் விட்டால் மரம் சுழன்று வேறு பக்கம் போகும். உங்கள் மரத்தில் அந்த ஓரமும் அழுகியிருக்கலாம். வாள் பாதி போகும் முன்பே மரம் உட்கார்ந்துவிடும், எந்தப் பக்கம் என்று யாராலும் சொல்ல முடியாது.

தென்னையின் நார் இயந்திர வாளில் சிக்கிச் சங்கிலியை அடைத்துக்கொள்ளும், பல்லையும் விரைவில் மழுக்கிவிடும். மழுங்கிய வாளை அழுத்தி ஓட்டுவதால் நேரும் விபத்துகள் அதிகம். ஒரு மரத்துக்கு இரண்டு மூன்று சங்கிலிகளைத் தீட்டி வைத்துக்கொண்டு வருபவரா என்று பாருங்கள்; வேலை தெரிந்தவரை அதிலேயே அடையாளம் காணலாம்.

மருந்து ஊற்றும் யோசனை வேண்டவே வேண்டாம். உயிரோடு இருக்கும் மரத்தைப் பட்டுப்போக வைத்தால் ஏறக்கூடிய மரத்தை ஏற முடியாத மரமாக மாற்றுகிறோம். கொண்டை அழுகி எந்த நாளில் எந்த வேளையில் விழும் என்று காத்திருக்க வேண்டிய நிலை வரும்.

-----

மின்பணி ஓய்வு (கும்பகோணம்) எழுதியது:

சந்தில் போகும் கம்பியைப் பற்றி யாரும் விரிவாக எழுதவில்லை. மேலே வெட்டுபவருக்கு மரத்தைவிடப் பெரிய ஆபத்து அந்தக் கம்பிதான்.

பச்சை மட்டை மின்சாரத்தைக் கடத்தும். நனைந்த கயிறு கடத்தும். அலுமினிய ஏணியையும் இரும்புத் தொரட்டியையும் பற்றிச் சொல்லவே வேண்டாம். கம்பியைத் தொடாமல் வெட்டிவிடலாம் என்று கணக்குப் போடுபவர்கள், வெட்டிய மட்டை விழும்போது சுழலும் என்பதை மறந்துவிடுகிறார்கள். 15 அடி நீள மட்டை நேராக விழுவதே இல்லை.

உங்கள் பகுதியின் மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்கு நேரில் சென்று, வேலை நாளையும் நேரத்தையும் குறிப்பிட்டு எழுத்து மூலம் விண்ணப்பம் கொடுத்து, உதவிப் பொறியாளரைப் பாருங்கள். அவர்கள் ஆள் அனுப்பி அந்தப் பகுதிக் கம்பியில் மின்சாரத்தை நிறுத்தி, நிறுத்தியதைச் சோதித்து உறுதி செய்து, தேவைப்பட்டால் கம்பியைக் கழற்றியும் தருவார்கள். கம்பியின் மேல் மட்டை சாய்ந்து அவசரம் நேர்ந்தால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணை அழைக்கலாம்.

மாதாந்தரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை மின்தடை என்று அறிவிக்கும் நாளில் மரத்தை வெட்டிக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். இது மிகவும் தவறான நம்பிக்கை. துணைமின் நிலையத்தில் பணி முன்னதாக முடிந்தால் 2 மணிக்கே மின்சாரம் வந்துவிடும். உங்கள் வீட்டில் ஒருவர் கம்பிக்குப் பக்கத்தில் வேலை செய்கிறார் என்பது அங்கே இருப்பவருக்குத் தெரியாது. அதே நாளில் செய்தாலும், உங்கள் வேலைக்கென்று தனியாக நிறுத்தித் தந்து, எங்கள் ஆள் முடியும்வரை அங்கேயே இருந்தாக வேண்டும். வீட்டு மீட்டர்ப் பலகையில் ஃபியூசைப் பிடுங்கிவிட்டால் போதும் என்று எண்ணுவதும் பிழையே. கம்பத்திலிருந்து மீட்டர் வரை வரும் கம்பியில் மின்சாரம் அப்படியேதான் இருக்கும்.

-----

மனைச்சட்டம் (திருச்சிராப்பள்ளி) எழுதியது:

மூலையில் நிற்கும் பனையைப் பற்றி ஒரு சொல். 2021 ஆகஸ்ட் 14 அன்று தமிழகச் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட முதல் தனி வேளாண் நிதிநிலை அறிக்கையில், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று அறிவிக்கப்பட்டது. சொந்த மனைதானே என்று கை வைத்துவிடாதீர்கள். அது நம் மாநில மரம் என்பது ஒருபுறம் இருக்க, நோயில்லாத பனை புயலில் தென்னையைவிட நன்றாக நிற்கக்கூடியது. அதை அகற்றக் காரணமே இருப்பதாகத் தெரியவில்லை.

இன்னொருவர் வீட்டு மரம் நம் பக்கம் சாய்ந்து நின்று, அவரும் வெட்ட மறுத்தால் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கும் இதைப் பதிவு செய்கிறேன். விழுந்து ஆளுக்குத் தீங்கு விளைவிக்கும் நிலையில் உள்ள மரத்தை அகற்றவோ முட்டுக்கொடுக்கவோ உத்தரவிடும் அதிகாரம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவில் நிர்வாக நடுவர்களுக்கு இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 152ஆம் பிரிவு. கோட்டாட்சியரிடம் புகைப்படத்தோடு மனு கொடுக்கலாம். அதற்கு முன் அண்டை வீட்டாரிடம் நேரில் பேசிப் பார்ப்பது எப்போதும் நல்லது.

ஒப்பந்தக்காரரிடம் ஆட்களின் காப்பீட்டுச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். சுவரோ கூரையோ உடைந்தால் யார் சரிசெய்வது, தண்டையும் தழையையும் யார் அப்புறப்படுத்துவது என்பதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள்.

-----

வளவு (யாழ்ப்பாணம்) எழுதியது:

எங்கள் பக்கத்திலும் இதே கேள்வி அடிக்கடி எழுவதால் எழுதுகிறேன். இங்கே பனையைத் தறிப்பதற்கு 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் அனுமதி பெற வேண்டும். பலாவும் ஈரப்பலாவும் அதே சட்டத்துக்குள் வருகின்றன. கிராம அலுவலரிடம் தொடங்கிப் பிரதேச செயலகம் வரை போக வேண்டியிருக்கும்.

எங்கள் வளவுகளில் நிற்கும் பழைய பனைகளிலும் தென்னைகளிலும் போர்க்காலத்துச் செல் துண்டுகளும் (குண்டுச் சிதறல்கள்) சன்னங்களும் (துப்பாக்கிக் குண்டுகள்) பதிந்திருப்பதுண்டு. வாள் இரும்பில் பட்டால் சங்கிலி அறுந்து தெறிக்கும், அல்லது வாள் பின்னோக்கி அடிக்கும். பழைய மரத்தை வெட்ட வருபவரிடம் அந்தக் காணியின் வரலாற்றைச் சொல்லிவிடுவோம். உங்கள் ஊரில் செல் துண்டு இராது. ஆனால் கொடி கட்ட அடித்த ஆணி, விளக்கு மாட்டிய கொக்கி, வேலிக்கம்பி ஆகியவை தண்டில் புதைந்திருக்கலாம். வீட்டில் மூத்தவர்களைக் கேட்டு அந்த இடங்களில் சுண்ணாம்பால் அடையாளம் இட்டுவிடுங்கள் ஐயா.

பனைக்கு ஒரு கூடுதல் கவனம் வேண்டும். கழிக்காமல் விட்ட காவோலைக்குள் பாம்பும், தேளும், கதண்டு என்ற பெருங்குளவியின் கூடும் இருக்கும். கதண்டு கலைந்தால் மேலே நிற்பவருக்குத் தப்ப வழியே கிடையாது. ஓலைகளுக்கிடையே குருவிகளோ அணில்களோ குஞ்சு வைத்திருந்தால் அவை போகும்வரை சில வாரங்கள் பொறுத்திருப்பது எங்கள் வீட்டு வழக்கம்.

-----

வேளாண் ஓய்வு எழுதியது:

கதண்டுக் கூடு இருந்தால் நம் ஊரில் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள்; தாமாகத் தீப்பந்தம் பிடிக்க வேண்டாம்.

மரம் இறங்கிய பிறகு நிற்கும் தூரைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். தென்னையைத் தூரில் வெட்டினால் மீண்டும் துளிர்க்காது. அதன் ஒரே குருத்து உச்சியில் இருப்பது; அது போனால் மரமும் போயிற்று. ஆகவே தூரில் அமிலம், மண்ணெண்ணெய், உப்பு என்று எதையும் ஊற்ற வேண்டியதில்லை. அவை மண்ணைத்தான் கெடுக்கும். ஆனால் அழுகும் தூரிலும் கிடக்கும் தண்டிலும் காண்டாமிருக வண்டு முட்டையிடும், புதிதாக வெட்டிய வாயின் வாடைக்குச் சிவப்புக் கூன்வண்டு வரும். உங்கள் மற்ற இரண்டு தென்னைகளும் பத்தடி இருபதடித் தூரத்தில் நிற்கின்றன. எனவே தண்டை மனையில் ஒரு வாரத்துக்குமேல் போட்டு வைக்காதீர்கள்.

நோய் கண்ட மரம் என்பதால் தூரையும் வேர்க்கொத்தையும் தோண்டி எடுத்து எரிப்பதே முறை. சமையலறைச் சுவர் 7 அடியில் இருப்பதால் ஜேசிபியின் கையால் ஒரே இழுப்பில் பிடுங்கச் சொல்லாதீர்கள். சுற்றிலும் மண்ணைக் கடப்பாரையால் விலக்கி, வேரைக் கோடரியால் அறுத்துத் தூரைத் துண்டுகளாக எடுங்கள். தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் குழியில் மீண்டும் தென்னை வைக்க வேண்டாம்.

-----

காவேரிக்கரை எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். மரம் இறங்கிவிட்டது. யாருக்கும் ஒரு கீறலும் இல்லை.

மின்வாரியத்தில் விண்ணப்பம் கொடுத்து நான்காம் நாள் ஆள் வந்தார்கள். சந்துக் கம்பியில் மின்சாரத்தை நிறுத்தி, ஒருவர் மாலைவரை வாசலிலேயே நின்றார். கிரேன் தெருவில் நின்றது, கூடை வண்டி பக்கத்து மனையில். முந்தின நாளே கொட்டகையின் தகரங்களை அண்டை வீட்டாரும் நானும் சேர்ந்து கழற்றி வைத்தோம். என் தாயார் சொன்ன இடத்தில், ஆறடி உயரத்தில், பழைய கொடிக்கொக்கி இரண்டு தண்டுக்குள் புதைந்திருந்தன. யாழ்ப்பாணத்து ஐயாவுக்கு நன்றி. காலை 8 மணிக்குத் தொடங்கி மாலை 3 மணிக்குள் கடைசித் துண்டும் வண்டியில் ஏறிவிட்டது.

தூரிலிருந்து இரண்டடி உயரத்தில் வெட்டியபோது உள்ளே ஒரு முழம் அகலத்துக்கு ஈரத் தவிடு போலக் கட்டை உதிர்ந்து கொட்டியது. சுற்றிலும் மூன்று விரல் கனத்துக்குத்தான் நல்ல மரம் இருந்தது, சமையலறைப் பக்கம் அதுவும் இல்லை. எங்கள் தேங்காய் பறிப்பவரையும் அன்று வரச் சொல்லியிருந்தேன், தரையில் கயிறு பார்க்கும் வேலைக்கு. அந்த வாயில் கையை விட்டுத் தவிட்டை அள்ளிப் பார்த்துவிட்டு வெகுநேரம் அவர் எதுவும் பேசவில்லை. மறுநாள் காலையில் வந்து, தெருமுனை வீட்டுத் தென்னையிலும் அதே போல நீர் வடிகிறது, அதில் இனி ஏறப்போவதில்லை, நீங்களே அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அன்று மாலையே சென்று சொல்லிவிட்டு வந்தேன்.

குழியை இன்னும் மூடவில்லை. வேரை எரித்த பிறகு அந்த இடத்தில் வாழை வைக்கலாம் என்றிருக்கிறேன். சரிதானா என்று திருவாரூர் ஐயா சொல்ல வேண்டும்.

-----

வேளாண் ஓய்வு எழுதியது:

தாராளமாக வையுங்கள். இந்த நோய் கண்ட தோப்புகளில் தண்ணீர் வசதி இருந்தால் ஊடுபயிராக வாழையைத்தான் பரிந்துரைக்கிறோம். குழியை வெயில் படும்படி திறந்து வைத்துவிட்டு, தொழுவுரத்தோடு டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூசணத்தைக் கலந்து நிரப்புங்கள். மற்ற இரண்டு மரங்களின் தூரை மாதம் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். நீர் வடிவதைக் கண்டால் உடனே இங்கே எழுதுங்கள்.